தரையில யாரு?

சாத்தனேரி அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் முப்பத்தோரு வருடம் நர்சாக நின்று நின்று தேய்ந்த தவமணியின் இடது முழங்காலில் குடியிருந்த வலி, ஒரு வைகாசிப் புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு அவளை விட்டு இறங்கி, எப்சிபாளின் முழங்காலில் ஏறிக்கொண்டு, அவளோடு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, மாதா கோயில் தெருவுக்குப் போய்விட்டது. வழியனுப்ப வந்த தவமணி வாசல்படியில் இறங்கினாள், ஏறினாள், மறுபடியும் இறங்கினாள், பிறகு ஆட்டோவைப் பார்த்து, "எக்கா, என் வலியைக் கொண்டுட்டுப் போறீங்க" என்று சொன்னாள். எப்சிபாள் தலையை வெளியே நீட்டி, "தெரியுது, தெரியுது. ஏழு மணிக்கு மாத்த ஆள் வரணும், சொல்லிட்டேன்" என்றாள். ஆட்டோ போய்விட்டது.

சாத்தனேரிக்காரர்கள் இதை நம்பினார்கள். அவர்களால் நம்ப முடியாமல் போனது வேறொன்று: ஒரே வார்டில் நர்சாக இருந்த நான்கு பெண்கள் வேலையை விட்டு இறங்கிய பிறகும் தினமும் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது. ஓர் ஆண் ஓய்வு பெற்றால் அவனுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது, வாக்கிங் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, சங்கத்துக்கு ஆண்டு விழா இருக்கிறது. ஒரு பெண் ஓய்வு பெற்றால் வீடு, அப்பாடா, ஆள் கிடைத்தாயிற்று என்று மூச்சு விடுகிறது. சால்வையும் சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு, அடிக்கடி பார்ப்போம் என்று அழுதுவிட்டுப் பிரிந்தவள், ஒரு மாதத்துக்குள் மருமகளின் சமையலறைக்கும் பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட வேனுக்கும் நடுவே ஒரு டியூட்டியில் போடப்படுகிறாள்; அந்த டியூட்டிக்கு மாற்று ஆளும் கிடையாது, வார விடுப்பும் கிடையாது. அதைக் குறை என்று சொன்னால், சும்மா இருக்கிறவளுக்கு என்ன கஷ்டம் என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் யாரும் சும்மா இருந்து பார்த்ததில்லை.

இந்த நால்வருக்கும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. எப்சிபாள் எல்லோரிலும் மூத்தவள், அறுபத்தாறு வயது, இடுப்பில் வலி. அடுத்தவள் ரஹ்மத், நின்ற வேலை கொடுத்த குதிகால் வலிக்காரி, பேச்சில் குறும்பு அதிகம். செண்பகவல்லிக்குத் தோள்பட்டை; சிரிப்பது அபூர்வம், ஒன்றைப் பார்த்தால் மறக்கமாட்டாள். கடைசியாகத் தவமணி, கணவர் போய் ஏழு வருடமாகத் தனியாக இருக்கிறவள், முழங்கால். நால்வருக்கும் நடுவில் போனில் ஒரு குழு இருந்தது, அதில் காலை தோறும் ரோஜாப்பூப் படம் வரும், அதற்கு மூன்று கைகள் கும்பிடும், அவ்வளவுதான் நட்பு என்று ஆகியிருந்தது. அந்தப் புதன்கிழமை ரோஜா வரவில்லை என்று எப்சிபாள் தவமணியைத் தேடி வந்தாள். கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தவளைப் பார்த்து, "என்னட்டி, ஒப்படைப்பைச் சொல்லு, டியூட்டிக்கு வந்துட்டேன்" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள்.

வார்டில் அவர்களுடைய வழக்கம் அது. டியூட்டி முடிந்து போகிறவள், வருகிறவளைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிக்கொண்டு போய், யார், என்ன வயது, என்ன நோவு, எப்போது மருந்து என்று சொல்ல வேண்டும். வருகிறவள் "வாங்கிட்டேன்" என்கிற வரைக்கும் போகிறவள் செருப்பை மாட்டக் கூடாது. இது எல்லா ஊர் நர்சுகளுக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் "வாங்கிட்டேன்" என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பது சாத்தனேரியின் பெண்கள் வார்டான நாலாம் வார்டுக்கு மட்டும் உரியது. அந்தக் கேள்வி, "தரையில யாரு?"

அதற்கும் ஒரு காரணம் உண்டு. முப்பது வருடத்துக்கு முன்பு அந்த வார்டில் இருபது கட்டிலும் நாற்பது நோயாளிகளும் இருந்தார்கள். மிச்சம் இருபது பேர் கட்டிலுக்கு அடியிலும் இடுக்கிலும் பாய் விரித்துக் கிடப்பார்கள், தரைக்கு எண் கிடையாது. ஒரு நாள் தவமணி, வீட்டில் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே இருபது கட்டிலையும் சொல்லி முடித்தாள். வாங்க வந்த செண்பகவல்லி, வேறு யாரும் உண்டா என்று கேட்டாள். "யாரும் இல்லை" என்றாள் தவமணி, வாசலைப் பார்த்தபடி. ஆறாம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, பிள்ளை பெற்று மூன்று நாளான ஒரு பெண் ஜன்னி கண்டு கிடந்தாள். நான்கு மணி நேரம் கழித்து அவள் பாதம் செண்பகவல்லியின் காலில் இடறியது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அந்தச் சாமர்த்தியம் முழுக்க அவளுடையது. அன்றிலிருந்து நாலாம் வார்டில் யாரும் தரையைக் கேட்காமல் வார்டை வாங்கியதில்லை, அந்த நாளை வைத்துத் தவமணியை யாரும் ஒரு சொல் குத்திக்காட்டியதும் இல்லை. செண்பகவல்லியும்கூட.

ஆகவே அந்தப் புதன்கிழமை தவமணியும் விளையாட்டாகவே, "ஒண்ணாம் நம்பர் கட்டில், தவமணி, வயசு அறுபத்தொண்ணு, இடது முழங்கால் தேய்மானம், மடக்கினா குத்துது, நீட்டினா இழுக்குது, மாத்திரை காலையில போட்டாச்சு" என்றாள். எப்சிபாள் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, எங்கே குத்துகிறது, எப்போது இழுக்கிறது என்று விசாரித்து, தரையில யாரு என்று கேட்டு, யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, "வாங்கிட்டேன்" என்றாள். வாங்கிக்கொண்டாள். பிறகு நடந்ததுதான் முதலில் சொன்னது.

அந்த வாரத்துக்குள் நால்வரும் ஒரு டியூட்டிச் சார்ட் போட்டுவிட்டார்கள். காலை ஏழு, பகல் ஒன்று, சாயங்காலம் ஏழு. டியூட்டியில் இருக்கிறவள் நான்கு பேருடைய வலியையும் சுமப்பாள், மற்ற மூவருக்கும் ஒன்றும் இராது. சார்ட்டைத் தவமணியின் வாசல் கதவில் ஒட்டினார்கள். யார் நொண்டிக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு தோளைத் தூக்காமல் கடைவீதிக்கு வருகிறாளோ அவளே இன்றைய டியூட்டி என்று ஊர் இரண்டே நாளில் படித்துக்கொண்டது. பூக்காரி அவளைக் கூடைக்கு முன்னால் நிற்க விடாமல் முக்காலியை இழுத்துப் போட்டாள். கல்யாண வீட்டுக்காரர்கள் முதல் பந்தியில் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றை ஒதுக்கி வைத்தார்கள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "தேஞ்சிருக்கிறது இவங்களுக்கு, நொண்டுறது அவங்க. மாத்திரையை நான் யார் பேர்ல எழுத?" என்று கேட்க, "டியூட்டியில இருக்கிறவ பேர்ல எழுதுங்க சார்" என்றாள் ரஹ்மத். அவரும் அப்படியே எழுதினார், மருந்துக்கடைக்காரரும் அப்படியே கொடுத்தார். டியூட்டி இல்லாத நேரத்தில் ரஹ்மத் அறுபத்து மூன்று வயதில் சைக்கிள் பழகினாள். எப்சிபாள் மாதா கோயில் மணிக்கூண்டின் எண்பது படியையும் ஏறி, மேலே இருந்து ஊரைப் பார்த்து, இவ்வளவு சின்ன ஊரா இது என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

மற்றவர்களும் முயன்று பார்க்காமல் இல்லை. ஓய்வு பெற்ற அலுவலர் சங்கத்து ஆண்கள் மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, வட்டமாக உட்கார்ந்தார்கள். முதலாமவர் தன் மூலநோயைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருந்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து "வாங்கிக்கொண்டோம்" என்று முழங்கினார்கள். ஒரு வலியும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கணவர்கள் சிலர் மனைவியின் தலைவலியை வாங்கப் பார்த்தார்கள். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி, சரி, வாங்கிட்டேன், காப்பி போடு" என்றால் எது வரும்? பக்தி குறைவு என்றார்கள் சிலர், பயிற்சி குறைவு என்றார்கள் சிலர். குறைந்தது எது என்பது அந்த மனைவிகளுக்குத் தெரிந்திருந்தது. கேட்பதும் ஒரு வேலை. அதை முப்பது வருடம் நின்றுகொண்டே செய்தவர்களுக்கு அது கைவந்திருந்தது.

தவமணியின் மகன் இசக்கிராஜன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தான். ஆடி மாதம் ஊருக்கு வந்தவன், அம்மா ஒரே நேரத்தில் இடுப்பையும் தோளையும் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துக் கொதித்துப் போனான்.

"அவங்கவங்க வலியை அவங்கவங்க பாக்கணும்மா. நீ என்ன அவங்க வீட்டு வேலைக்காரியா?"

"வேலைன்னா நான் ரிட்டயர் ஆயிருப்பேன்லா."

"இந்த வயசுல என்னம்மா ஃப்ரெண்ட்ஸ்? ஏமாத்துறாங்க உன்னை."

"எனக்கு நைட் டியூட்டின்னா, துணி அடுக்குற ரூம்ல தொட்டில் கட்டி உன்னைப் போட்டிருப்பேன். மூணு பேரும் மாறி மாறி ஆட்டுவாளுவ. அப்பவும் ஏமாத்தத்தான் ஆட்டினாளுவளா?"

வாதத்தில் தோற்ற பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தான், அம்மாவுக்கும் சேர்த்து ஓசூருக்கு டிக்கெட் போட்டான். குழந்தையைப் பார்க்கிற பெண் நின்றுவிட்டாள், பத்து நாள் மட்டும் வா என்றான். பத்து நாள் மூன்று மாதம் ஆயிற்று.

வலிக்கு ஓசூர் ஒரு தூரமாகத் தெரியவில்லை. போனில் ஒப்படைத்தாலும் அது வந்தது, போனது. டியூட்டி நாளில் தவமணி நான்கு வலியோடு பேத்திக்குத் தலை வாரினாள், தோசை வார்த்தாள், மருமகள் சிந்துஜாவுக்கு டப்பா கட்டினாள். ஐந்தாவது வலி வந்தது ஐப்பசியில். அடுக்குமாடியின் லிஃப்ட் பழுதாகி, பேத்தியின் பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியபோது நடு நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்தினார்கள். அழுத்தம் இடது தோளுக்கு ஏறி, தாடைக்குப் போய், நின்றால் இறங்கியது. மறுநாளும் வந்தது. அடுத்த வாரம் ஏறாமலே வந்தது. அது இன்னது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தோரு வருடம் அதை மற்றவர்கள் நெஞ்சில் பார்த்தவள்.

மகனிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை அவன் அறை வாசல் வரை போனாள். இரண்டு தடவையும் அவன் லேப்டாப்பில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான், கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. தோழிகளிடம் சொல்லவில்லை, ஏனென்றால் சொன்னால் போய்விடும். சொன்னால் அந்த நேரத்து டியூட்டிக்காரியின் நெஞ்சுக்குப் போய்விடும். முழங்காலைக் கொடுக்கலாம், குதிகாலைக் கொடுக்கலாம். சாவை எப்படி ஷிஃப்ட் மாற்றுவது? எப்சிக்காவுக்கு அறுபத்தாறு வயது. ஆகவே பன்னிரண்டு நாள் அவள் அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் வாங்கியவர்கள் எப்சிபாளும் ரஹ்மத்தும். பதின்மூன்றாம் நாள், காலை ஏழு மணிக்கு, வாங்க வந்தவள் செண்பகவல்லி.

நான்கு கட்டிலையும் தவமணி சொன்னாள்.

"தரையில யாரு?"

"யாரும் இல்லை."

செண்பகவல்லி, "ஏட்டி, இதே குரல்ல இதே வார்த்தையை நான் முன்னாடி ஒரு தடவை கேட்டிருக்கேன்" என்றாள்.

தவமணி அடுப்பைத் தணித்தாள்.

"நாலு கட்டிலையும் வாங்கிட்டேன். வார்டை வாங்கலை. நான் வாங்குற வரைக்கும் நீ போனை வைக்கக் கூடாது, நானும் வைக்கப்போறதில்லை." பிறகு கூட இருந்தவர்களைப் பார்த்து, "ரஹ்மத்து, பையை எடு. எப்சிக்கா, செருப்பைப் போடுங்க."

அவள் போனை வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்ற வழக்கத்தை மீறுகிற துணிச்சல் தவமணிக்கும் இல்லை. சார்ஜரைச் செருகி, போனை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மூன்று பெண்கள் ஓடிப்போய் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற சத்தம் அந்தச் சமையலறையில் கேட்டது, கண்டக்டரின் விசில் கேட்டது, ஜன்னல் சீட்டுக்கு ரஹ்மத் போட்ட சண்டை கேட்டது. நான்கு வலியையும் சுமந்துகொண்டு செண்பகவல்லி ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடிப்பது கேட்டது. குழம்பு கொதிக்கையில் கோவில்பட்டி கடலைமிட்டாய் விற்றது. குக்கர் கூவுகையில் மதுரை மாட்டுத்தாவணியில் மல்லிகைப்பூ ஏலம் போனது. பேத்தி தூங்க திண்டுக்கல் தாண்டியது, துணி காய கரூர் தாண்டியது, நாமக்கல்லில் எப்சிபாள் இடுப்பு வலி இல்லாத சந்தோஷத்தில் கீழே இறங்கிக் கரும்புச்சாறு குடித்தாள், சேலத்தில் மழை பெய்தது, அந்த மழை ஓசூர்ச் சமையலறையில் பத்து நிமிடம் கேட்டது. நடுநடுவே செண்பகவல்லி ஒன்றே ஒன்றைக் கேட்பாள்: "தரையில யாரு?" தவமணி ஒவ்வொரு தடவையும் குழாயைத் திறந்து பாத்திரம் துலக்குவாள். தர்மபுரியில் கேட்டாள். கிருஷ்ணகிரியில் கேட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்த இசக்கிராஜன், "என்னம்மா, அடுப்படிக்குள்ள பஸ் ஓடுது" என்று கேட்டான். "உன் அத்தைமார் வாராங்க" என்றாள் தவமணி.

சரியாக ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அதே கேள்வி போனிலிருந்தும் வாசலிலிருந்தும் ஒன்றாக வந்தது. அந்த நேரத்தில் உள்ளங்கை மறுபடியும் தவமணியின் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தது.

"சொல்லமாட்டேன்" என்றாள். "சொன்னா போயிரும். உனக்குப் போயிரும்டி."

"போகத்தானே கேக்கேன்."

"இது முழங்கால் இல்ல செண்பகம்."

"அன்னைக்கு அந்தப் புள்ளை காலு எனக்கு இடறிச்சு, தப்பிச்சோம். உன் காலு எனக்கு எப்படிட்டி இடறும்? நீ ஓசூர்ல இருக்க."

தவமணி சொன்னாள். நின்ற இடத்தில், மகனும் மருமகளும் கேட்க, ஒப்படைப்பு எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி, ஒன்றையும் விடாமல்: என்றைக்குத் தொடங்கியது, எத்தனை படி, எவ்வளவு நேரம், எங்கே ஏறுகிறது, எப்படி வேர்க்கிறது. செண்பகவல்லி வாயைத் திறப்பதற்குள் ரஹ்மத், "ஒத்தையில ஒருத்தி வாங்குற சரக்கு இல்ல இது" என்றாள். நாலாம் வார்டின் வழக்கத்தில் முதல் தடவையாக மூன்று பேர் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள்: "வாங்கிட்டேன்."

மூன்று பேரும் சோபாவில் ஒரே மாதிரி உட்கார்ந்தார்கள், ஒரே இடத்தில் கையை வைத்தார்கள். தவமணியின் முகம் துடைத்துவிட்டது போல ஆயிற்று. செண்பகவல்லி மூச்சை அளந்து விட்டபடி, "ராஜா, இது அடைப்பு. காரை எடு. உங்கம்மாவுக்கு வலி இல்லைன்னு மெதுவா ஓட்டிராத" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் திண்டாடிப் போனார். வேர்த்துக் கொட்டுகிற மூன்று பேருக்கும் ஈசிஜி ஒரு குறையும் இல்லாமல் சீராக இருந்தது. சிரித்துக்கொண்டு நின்றவளின் காகிதத்தில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கியது. "ஆளை மாத்திப் படுக்க வைக்காதீங்க தம்பி" என்றாள் எப்சிபாள், "அடைப்பு அவளுக்கு, வலி எங்களுக்கு." நாலாம் வார்டின் கதை அந்த ஊருக்குத் தெரியாது, ஆனாலும் அவசரப் பிரிவில் நின்ற ஒரு வயதான நர்ஸ் நால்வரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சரியான ஆளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். அரை மணி நேரத்தில் தவமணியின் ரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். திறந்த அந்த நிமிடம் வெளியே பெஞ்சில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு நின்ற இசக்கிராஜன் அதைப் பார்த்தான். உள்ளேயிருந்து டாக்டர் வந்து சொல்வதற்கு முன்னால் அம்மா பிழைத்துக்கொண்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

நான்காம் நாள் அவனே வந்து கேட்டான்.

"எனக்கும் ஒரு ஷிஃப்ட் குடுங்க, அத்தை."

"கேக்கத் தெரியுமாடா உனக்கு?" என்றாள் ரஹ்மத்.

"கேக்கேன்."

போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நான்கு கட்டிலையும் கேட்டான். தொட்டுப் பார்த்தான், எங்கே, எப்போது என்று விசாரித்தான், தரையையும் கேட்டான். "வாங்கிட்டேன்" என்றான். இடுப்பு வரவில்லை, தோள் வரவில்லை, முழங்காலும் வரவில்லை. ரஹ்மத்தின் குதிகால் மட்டும் வந்தது. அவன் நொண்டிக்கொண்டே மருந்துக்கடைக்குப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்து, "முதல் நாளைக்கு இது போதும்" என்றாள் ரஹ்மத், காலை ஆட்டிக்கொண்டு.

தை பிறந்ததும் தவமணி சாத்தனேரிக்குத் திரும்பினாள். ஓசூரில் குழந்தையைப் பார்க்க வேறு ஏற்பாடு நடந்தது; இத்தனை நாள் நடக்காத அந்த ஏற்பாடு எப்படி ஒரே வாரத்தில் நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கதவில் பழைய சார்ட்டைக் கிழித்துப் புதியது ஒட்டினார்கள். அடியில் பென்சிலால் ஒரு வரி: ஞாயிறு பகல், இசக்கிராஜன், பயிற்சியில்.

மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு அவன் கூப்பிட்டான். நால்வரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தவமணி நான்கு கட்டிலையும் சொன்னாள். அவன் மறக்காமல் கேட்டான்.

"தரையில யாரும்மா?"

"இன்னைக்கு யாரும் இல்லைப்பா."

செண்பகவல்லி அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ஆம் என்று தலையை அசைத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். இப்போதெல்லாம் குதிகாலோடு பாதித் தோளும் வருகிறது. போனை வைக்கப் போனவனைத் தவமணி நிறுத்தினாள்.

"ராஜா, உங்க வீட்டுத் தரையில யாருடா?"

ஓசூரில் ஒரு மின்விசிறி சுற்றுவது கேட்டது. பிறகு "யாரும் இல்லைம்மா" என்றான், கொஞ்சம் வேகமாக.

தவமணி செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லி எப்சிபாளைப் பார்த்தாள். ஒருத்தியும் போனை வைக்கவில்லை. ரஹ்மத் சத்தமில்லாமல் எழுந்து போய், பரணிலிருந்து பயணப்பையை இறக்கி, தூசி தட்டத் தொடங்கினாள்.